வாசகர் கேள்வி – பதில்: சமோசாத்தாவின் லூசியன்

பண்டைய கிரேக்க மொழியின் பெரும் அங்கத எழுத்தாளரான லூசியனின் வாழ்வையும் நூல்களையும் குறித்து வாசகர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம்.

கேள்வி: கிரேக்க அங்கதம் என்றாலே அரிஸ்டோஃபனீஸின் பெயரைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். லூசியன் யார்? அவர் கிரேக்கரே அல்லர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: அரிஸ்டோஃபனீஸ் ஏதென்ஸின் மக்களாட்சிக் காலத்தில் மேடைக்கு நாடகம் எழுதியவர். லூசியன் அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். ரோமப் பேரரசு யூப்ரட்டீஸ் ஆறுவரை பரவியிருந்த கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, உரையாடல், கட்டுரை, கடிதம், கற்பனைப் பயணம் எனப் பல வடிவங்களில் உரைநடை எழுதியவர். ஏறத்தாழ 120க்கும் 125க்கும் இடையில், யூப்ரட்டீஸ் கரையிலிருந்த சமோசாத்தா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் முன்பு கொம்மகேனே என்ற சிற்றரசின் தலைநகராக விளங்கியது. 72ஆம் ஆண்டில், வெஸ்பாசியன் பேரரசராக இருந்தபோது, அந்த அரசு ரோமின் சிரியா மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. இன்று அவ்விடம் தென்கிழக்குத் துருக்கியில் அத்தாதுர்க் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது.

அவர் தம்மைச் சிரியர் என்றே குறிப்பிடுகிறார். வீட்டில் அரமேய மொழி பேசியிருப்பார் என்பது அறிஞர் பலரின் கருத்து. ‘இருமுறை குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற நூலில், பேச்சுக்கலை ஒரு பெண்ணாக நீதிமன்றத்தில் வந்து நின்று, தான் இவரைக் கண்டெடுத்தபோது இவர் பேச்சு இன்னும் அந்நியமாகவே இருந்தது என்றும், உடைகூட ஏறக்குறைய அசீரிய உடைதான் என்றும் முறையிடுகிறாள். அப்படி வந்த ஒருவர், தமக்கு ஐந்நூறு ஆண்டு முற்பட்ட ஏதென்ஸ் நடையைப் பிழையறக் கற்று, அந்த மொழியின் தலைசிறந்த உரைநடையாளருள் ஒருவராக உயர்ந்தார். லூசியனைப் பற்றி முதலில் அறிய வேண்டியது இதுவே என்று கருதுகிறேன். கிரேக்கப் பண்பாட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட போலிகள், உழைத்துக் கற்று உள்ளே வந்த அவருடைய கண்ணில் ஒன்றுவிடாமல் பட்டன.

கேள்வி: சிற்பியாகியிருக்க வேண்டியவர் எழுத்தாளர் ஆனார் என்று படித்தேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நமக்கு நம்பகமாக என்ன தெரியும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் அவர் தம் நூல்களில் சொல்லியிருப்பதுதான். ‘கனவு’ என்ற சிறு நூலில் அந்தச் சிற்பக் கதை வருகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனை என்ன செய்வது என்று தந்தை நண்பர்களோடு ஆலோசிக்கிறார். மேற்படிப்புக்குக் காலமும் பணமும் வேண்டும். குடும்பத்துக்கு அவ்வளவு வசதி இல்லை. தொழில் ஒன்றைக் கற்றால் விரைவிலேயே வருமானம் வரும். தாய்மாமன் சிலை வடிப்பவர். பையனும் மெழுகைச் சுரண்டி மாடு, குதிரை, மனித உருவங்கள் செய்யும் பழக்கம் உடையவன். எனவே மாமனின் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். முதல் நாளே உளி அழுத்தமாக விழுந்து கற்பலகை உடைகிறது, மாமன் தடியை எடுக்கிறார், பையன் அழுதபடி தாயிடம் ஓடுகிறான். அன்றிரவுக் கனவில் இரு பெண்கள் அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுக்கிறார்கள். காய்த்துப்போன கைகளும் கல்தூசு படிந்த உடையுமாக நிற்பவள் சிற்பக்கலை, மற்றவள் கல்வி. அவன் கல்வியோடு போகிறான்.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெராக்ளீஸின் முன் அறமும் இன்பமும் இரு பெண்களாக வந்து நின்ற பழைய கதையின் சாயல் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆயினும் குடும்பத்தின் பணக்கணக்கும் தாயின் கோபமும் கற்பனையாக ஒலிக்கவில்லை.

பின்னர் அவர் இயோனியாவில் பேச்சுக்கலை பயின்றார். ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். இன்றைய பிரான்ஸ் அடங்கிய கால் (Gaul) என்ற நாட்டில் நல்ல ஊதியம் பெற்றார். நாற்பது வயதளவில் அந்தத் தொழிலை விட்டு, தத்துவவாதிகளுக்கே உரியதாக இருந்த உரையாடல் வடிவத்தை எடுத்து, அதில் நகைச்சுவை நாடகத்தின் துடுக்கைச் சேர்த்தார். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கதாரா என்ற ஊரின் மெனிப்பஸ், உடைமையையும் சமூக வழக்கங்களையும் புறக்கணித்த ‘சினிக்’ பள்ளியின் தத்துவவாதி, இதில் அவருக்கு முன்னோடி. மெனிப்பஸின் நூல்கள் அழிந்துவிட்டன. லூசியன் பெயரில் ஏறத்தாழ 80 நூல்கள் வந்துள்ளன, அவற்றுள் சில பிறர் எழுதியவை. 180இல் இறந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸைத் தெய்வநிலை எய்தியவர் என்று ஓர் இடத்தில் குறிப்பிடுவதால், அதற்குப் பின்னும் லூசியன் உயிரோடு இருந்தார் என்பது உறுதி.

சமகாலத்தவர் எவரும் அவரைக் குறிப்பிடவில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மருத்துவ அறிஞர் கேலன் ஹிப்போகிரட்டீஸின் நூலுக்கு எழுதிய உரை ஒன்றின் அரபு மொழிபெயர்ப்பில், 20ஆம் நூற்றாண்டில் ஒரு செய்தி அடையாளம் காணப்பட்டது. லூசியன் பொருளற்ற இருண்ட வாக்கியங்களைத் தொகுத்து, புதிராக எழுதுவதில் பெயர்பெற்ற பழைய தத்துவவாதி ஹெராக்ளிட்டஸின் நூல் என்று பரப்பினாராம். பெயர்பெற்ற தத்துவவாதி ஒருவர் அதை மெய்யென நம்பி விளக்கமும் எழுதினாராம். லூசியனைப் பற்றி நமக்குக் கிடைத்த ஒரே சமகாலச் சான்று, அவருடைய எழுத்தின் இயல்பை அப்படியே உறுதிப்படுத்துவதாக அமைந்தது பெரும் நற்பேறு.

கேள்வி: கடவுளரையும் தத்துவவாதிகளையும் அவர் ஒருங்கே கேலி செய்தது ஏன்? அவர் நாத்திகரா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ‘ஜியூஸின் சோகப் புலம்பல்’ என்ற உரையாடலைப் பார்த்தால் அவருடைய போக்கு விளங்கும். ஏதென்ஸில் கடவுளர் உலக நடப்பில் தலையிடுவதில்லை என்னும் எபிக்கூரியப் பள்ளியின் டாமிஸும், தலையிடுகிறார்கள் என்னும் ஸ்டோயிக் பள்ளியின் திமோக்ளீஸும், உலகைக் கடவுளர் நடத்துகிறார்களா என்று பொது இடத்தில் வாதிடுகிறார்கள். திமோக்ளீஸ் தோற்றால் படையல் நின்றுவிடும் என்று அஞ்சி, கடவுளரின் அரசரான ஜியூஸ் தேவர் சபையைக் கூட்டுகிறார். எந்தப் பொருளால் சிலை செய்யப்பட்டதோ அந்த மதிப்பின்படி இருக்கை என்று விதிக்கப்படுவதால், பொன்னால் செய்யப்பட்ட அயல்நாட்டுத் தெய்வங்கள் முன்வரிசையில் அமர்கின்றன. அழகிய கிரேக்கச் சிலைகள் பளிங்கும் வெண்கலமுமாகப் பின்னால் தள்ளப்படுகின்றன. ரோட்ஸ் தீவின் பேருருவச் சிலையோ, தன்னைச் செய்த செலவில் பதினாறு பொற்சிலைகள் செய்திருக்கலாம் என்று முன்னிடம் கேட்கிறது. பூமியில் டாமிஸ் வென்றுவிடுகிறார். மக்களில் பெரும்பாலோர் இன்னும் நம்மை நம்பத்தானே செய்கிறார்கள் என்று ஹெர்மீஸ் தேற்றுகிறார். ஆயிரம் பாபிலோன்களைக் காட்டிலும் டாமிஸைப் போன்ற ஒருவர் நம் பக்கம் இருப்பதையே விரும்புவேன் என்பது ஜியூஸின் மறுமொழி.

இதை எழுதியவரை எந்த ஒரு கட்சியிலும் சேர்த்துவிட முடியாது. அவர் தாக்குவது, பொன்னுக்கு முன்வரிசை கொடுக்கும் வழிபாட்டையும், வாதத்தில் தோற்றதும் வசையில் இறங்கும் தத்துவத்தையும்தான். ‘வாழ்க்கைமுறைகள் ஏலம்’ என்ற நூலில் தத்துவப் பள்ளிகள் ஏலத்துக்கு வருகின்றன. டயோஜெனீஸின் வாழ்க்கை இரண்டு ஓபோல் காசுக்குப் போகிறது. அதன் தொடர்ச்சியான ‘மீனவ’னில் பழைய தத்துவவாதிகள் சினந்து எழுந்துவந்து ஆசிரியரைக் கல்லால் அடிக்கப் பார்க்கிறார்கள். அவர் தம் வழக்கைத் தத்துவ தேவியின் முன் எடுத்துரைக்கிறார்: தாம் இகழ்ந்தது அவர்களை அல்ல, அவர்களுடைய பெயரையும் தாடியையும் மேலங்கியையும் மட்டும் சுமந்து திரிபவர்களை. தீர்ப்பு அவருக்குச் சாதகமாகிறது. தாம் உண்மையாகவே மதித்த சைப்ரஸ் நாட்டு டெமோனாக்ஸைப் பற்றி அவர் கனிவோடு ஒரு வரலாறும் எழுதினார். கொரிந்து நகரத்தோடு போட்டியிட்டுக் வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் கிளாடியேட்டர் காட்சிகளை நடத்த ஏதென்ஸ் மக்கள் எண்ணியபோது, முதலில் இரக்கத்தின் பலிபீடத்தை இடித்துவிட்டு வாக்களியுங்கள் என்று சொன்னவர் அந்த டெமோனாக்ஸ்.

கேள்வி: போலிச் சாமியார் ஒருவரை லூசியன் நேரில் எதிர்த்தார் என்பது நடந்த செய்தியா, கதையா?
– வாசகர், சேலம்

பதில்: நடந்தது. லூசியனின் நூல்களுள் என் மதிப்பில் முதலிடம் பெறுவது ‘அலெக்சாண்டர் அல்லது போலித் தீர்க்கதரிசி’ என்ற அந்த நூல்தான்.

கருங்கடலின் தென்கரையில் அபோனொத்தீக்கஸ் என்று ஓர் ஊர். அங்கே பிறந்த அலெக்சாண்டர் என்பவன், கோயில் கட்டத் தோண்டிய சேற்றில், உள்ளே பாம்புக்குட்டி ஒன்றை வைத்து மூடிய வாத்து முட்டையை இரவோடிரவாகப் புதைத்துவைத்தான். மறுநாள் ஊரார் முன்னிலையில் அதை எடுத்து உடைத்து, மருத்துவக் கடவுள் அஸ்கிளேபியஸ் பிறந்துவிட்டார் என்று அறிவித்தான். சில நாள்களில் அந்தக் குட்டி மனித முகம் கொண்ட பெரும் பாம்பாக வளர்ந்திருந்தது. மக்கெதோனியாவில் வாங்கிய, பழக்கப்பட்ட பாம்பு அது. முகம் துணியால் செய்து வண்ணம் தீட்டியது. குதிரை மயிரை இழுத்தால் வாய் திறக்கும். அரையிருளான அறையில் கூட்டத்தை வேகமாக நகர்த்தியபடி அதைக் காட்டினார்கள். கிளைக்கோன் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தத் தெய்வம் குறி சொல்லத் தொடங்கியது. கேள்வியை எழுதி முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். முத்திரை கலையாமலே விடையோடு திரும்பி வரும். கட்டணம் ஒரு திராக்மாவும் இரண்டு ஓபோலும்.

லூசியன் இங்கே வெறுமனே நகைத்துவிட்டுப் போவதில்லை. முத்திரையை எப்படித் திறந்தார்கள் என்று படிப்படியாக விளக்குகிறார். சூடாக்கிய ஊசியால் மெழுகின் அடிப்பக்கத்தை இளக்கிப் படித்துவிட்டு மீண்டும் ஒட்டுவது ஒரு முறை. முத்திரையின் மேல் பசைப்பொருளை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு உடைத்துவிட்டுப் புதிதாக முத்திரையிடுவது இன்னொன்று. பாம்பு பேசியதாகக் கேட்ட குரலும், நாரைகளின் மூச்சுக்குழல்களை இணைத்துச் செய்த குழாய்வழியே வெளியிலிருந்து ஒருவன் பேசியதே. ஏமாற்று என்று சொல்வதோடு நில்லாமல், அது செயற்படும் விதத்தை வாசகன் தானே சோதித்துப் பார்க்கும் அளவுக்குத் திறந்து காட்டுகிற இந்தப் பொறுமையே அவரை வெறும் நகைச்சுவையாளரிடமிருந்து பிரிக்கிறது.

இந்த வழிபாடு ரோம் வரை பரவியது. ருட்டிலியானஸ் என்ற உயர்குடி ரோமர் ஒருவர் அலெக்சாண்டரின் மகளையே மணந்தார். 165ஆம் ஆண்டை ஒட்டிப் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியபோது, நோயை விரட்டும் என்று கிளைக்கோன் அருளிய ஒற்றை வரியை மக்கள் கதவுகளில் எழுதிவைத்தார்கள். அந்த வரியை நம்பி முன்னெச்சரிக்கைகளைக் கைவிட்டதாலோ என்னவோ, அவ்வீடுகளிலேயே சாவு மிகுந்தது என்கிறார் லூசியன். நோய்க்காலத்தில் மூடநம்பிக்கை எவ்வாறு உயிரைக் குடிக்கிறது என்பதை இவ்வளவு முன்பே ஒருவர் எழுதிவைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது.

அலெக்சாண்டரை நேரில் கண்டபோது, முத்தமிட நீட்டிய கையைக் கடித்துவிட்டதாக லூசியன் சொல்கிறார். பின்னர் அவன் நட்புப் பாராட்டிக் கப்பல் ஏற்பாடு செய்து அனுப்பினான். நடுக்கடலில் கப்பல் தலைவர் அழுதுகொண்டே, இவரைக் கடலில் தள்ளிவிடும்படி தமக்குக் கட்டளை என்று சொல்லி, வழியில் ஒரு கரையில் இறக்கிவிட்டாராம். இவற்றுக்கு லூசியனின் சொல்லே சான்று. எதிரி எழுதிய வரலாறு என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் கிளைக்கோன் வழிபாடு இருந்தது என்பதில் ஐயமில்லை. அப்பாம்பின் உருவம் பொறித்த நாணயங்கள் கிடைத்துள்ளன. 1962இல் ருமேனியாவின் கொன்ஸ்தான்சா நகரில் மனிதக் காதுகளும் நீண்ட கூந்தலும் கொண்ட பளிங்குப் பாம்பு ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. லூசியனுக்குப் பின்னும் அந்த வழிபாடு தொடர்ந்தது என்பதை அந்த நாணயங்களே காட்டுகின்றன.

கேள்வி: நிலவுப் பயணத்தை எழுதியதால் அவரை அறிவியல் புனைகதையின் தந்தை என்று சொல்லலாமா?
– மாணவி, சென்னை

பதில்: அவர் நோக்கம் வேறு. ‘உண்மைக் கதை’யின் முன்னுரையிலேயே, தாம் சொல்லப்போவதில் ஒன்றுதான் உண்மை, அது தாம் பொய் சொல்கிறோம் என்பது, என்று அறிவித்துவிடுகிறார். காணாத நாடுகளைக் கண்டதாக எழுதிய பயண ஆசிரியர்களுக்கும், அவற்றைக் கேள்வி கேளாமல் ஏற்ற வாசகர்களுக்கும் எழுதிய மறுப்பு அது.

ஆயினும் கற்பனை அபாரமானது. ஹெராக்ளீஸின் தூண்களை (ஜிப்ரால்டர் நீரிணையை) கடந்த கப்பலைச் சூறாவளி தூக்கிச் சென்று, ஏழு பகலும் ஏழு இரவும் வானில் மிதக்கவைத்து, எட்டாம் நாள் நிலவில் இறக்குகிறது. விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்று நிலவின் அரசனுக்கும் சூரியனின் அரசனுக்கும் போர் நடக்கிறது. நிலவில் பெண்கள் இல்லை; ஆண்களின் கெண்டைக்காலில் கரு வளர்கிறது. திரும்பும் வழியில் ஒரு திமிங்கிலம் கப்பலை விழுங்க, அதன் வயிற்றுக்குள் காடும் மலையும் குடிகளும் இருக்கின்றன. இறந்த நல்லோர் வாழும் புண்ணியர் தீவில் ஹோமரைச் சந்தித்து ஊரைக் கேட்டால், தாம் பாபிலோனியர், இயற்பெயர் திக்ரானீஸ் என்கிறார் அவர். ஒடிஸியஸோ, மனைவி பெனலப்பிக்குத் தெரியாமல் கலிப்ஸோவுக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறார். வானியல் அறிஞர் கெப்ளர் இந்த நூலைப் படித்துக் கிரேக்கம் கற்றதாகக் குறிப்பிடுகிறார். அவருடைய நிலவுப் பயண நூலான ‘கனவு’ 1634இல் வெளிவந்தது.

கேள்வி: லூசியன் இந்தியாவைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறாரா? தமிழகத்தை அறிந்திருந்தாரா?
– வாசகர், மதுரை

பதில்: தமிழகத்தைப் பெயர் சொல்லி அவர் எங்கும் குறிப்பிடவில்லை. இந்தியா பல இடங்களில் வருகிறது. ‘உண்மைக் கதை’யின் முன்னுரையில் அவர் சுட்டும் பொய்யர்களுள் ஒருவர், தாம் பார்க்காததையும் பிறரிடம் கேளாததையும் இந்தியாவைப் பற்றி எழுதிய க்டேசியஸ், இன்னொருவர் தென்கடல் தீவொன்றைப் பற்றிக் கற்பனையாக எழுதிய இயாம்புலோஸ். அந்தத் தீவை இலங்கையோடு இணைத்துப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அலெக்சாண்டர் நூலில் வரும் ஒரு துயரச் செய்தி. பாஃப்லகோனியாவைச் சேர்ந்த ஒருவர் மகனை அலெக்சாண்டிரியாவில் படிக்கவைத்திருந்தார். அந்த இளைஞன் செங்கடல் முனையிலிருந்த கிளிஸ்மா துறைமுகத்துக்குப் போனபோது, புறப்படவிருந்த கப்பலில் இந்தியாவுக்குச் செல்ல இசைந்துவிட்டான். அவன் திரும்பாததைக் கண்ட அடிமைகள், நைல் ஆற்றில் மூழ்கியிருப்பான் அல்லது கொள்ளையர் கையில் இறந்திருப்பான் என்று எண்ணி ஊருக்கு வந்து சொன்னார்கள். தந்தை குறி கேட்டார். அடிமைகளே கொன்றார்கள் என்றது பாம்பு. அவர்கள் விலங்குகளுக்கு இரையாக்கப்பட்ட பிறகு, இளைஞன் உயிரோடு திரும்பி வந்து தன் பயணத்தைச் சொன்னான். ஒரு மாணவன் போகிற போக்கில் ஏறிக்கொள்ளும் அளவுக்கு இந்தியக் கப்பல்கள் அன்று வழக்கமாக இருந்தன என்பது இதனால் தெரிகிறது. அகநானூற்றின் 149ஆம் பாடல் பாடும், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களும் அந்தக் கடல்வழியைச் சேர்ந்தவையே.

கேள்வி: வரலாற்று மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் ஏதேனும் அவர் எழுதியிருக்கிறாரா?
– வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ‘வரலாறு எழுதும் முறை’ என்ற கட்டுரையை உறுதியாகப் பரிந்துரைப்பேன். ரோமுக்கும் அதன் கிழக்கிலிருந்த பார்த்தியப் பேரரசுக்கும் 161இல் தொடங்கிய போரை ஒட்டி, களத்தையே காணாதவர்கள் தளபதிகளைப் புகழ்ந்து வரலாறுகளை எழுதிக் குவித்தார்கள். அவர்களுள் ஒருவர் சமோசாத்தாவையே கோட்டை கொத்தளங்களோடு பெயர்த்து மெசபொத்தேமியாவில் நட்டுவிட்டாராம். வரலாற்றாசிரியர் அச்சமற்றவராகவும், விலைபோகாதவராகவும், தம் நூலுக்குள் ஊரோ அரசரோ இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது லூசியன் வகுக்கும் இலக்கணம். அலெக்சாண்டிரியாவின் கலங்கரைவிளக்கத்தைக் கட்டிய சொஸ்த்ராட்டஸ் தம் பெயரைக் கல்லில் வெட்டி, அதன்மேல் சுண்ணம் பூசி அரசன் பெயரை எழுதினார் என்ற கதை இக்கட்டுரையில் வருகிறது. சுண்ணம் உதிரும் காலத்துக்காக எழுதுங்கள் என்பது அவர் அறிவுரை.

கேள்வி: பிறரைக் கண்டித்தவர், தாம் மட்டும் அரசுப் பதவி ஏற்றது முரண் அல்லவா? கிறித்தவர்களையும் அவர் இகழ்ந்தாராமே?
– வாசகர், கொழும்பு

பதில்: ரோமச் செல்வர் வீடுகளில் ஊதியத்துக்கு அமரும் கிரேக்க அறிஞர்களின் இழிநிலையை, விருந்தில் கடைசி இருக்கைவரை விடாமல் எழுதியவர், முதுமையில் எகிப்தில் ரோம ஆட்சியின் நீதித்துறைப் பணி ஒன்றை ஏற்றார். அந்த முரணை அவரே எடுத்துப் பேசி ஒரு விளக்கம் எழுதினார்: தனியார் வீட்டில் அடங்கி வாழ்வது வேறு, பொதுப்பணியில் பங்கேற்பது வேறு. வாதம் முழுவதும் வலுவானது என்று சொல்ல மாட்டேன். கேள்வியை ஒளிக்கவில்லை என்பதை மதிக்கிறேன்.

கிறித்தவர்கள் வருவது, 165இல் ஒலிம்பியாவில் தீக்குளித்த பெரெக்ரினஸ் என்ற தத்துவவாதியைப் பற்றிய நூலில். அவர்கள் ஒருவருக்கொருவர் உடைமையைப் பகிர்ந்ததையும் சிறைப்பட்டவருக்கு உதவியதையும் அவர் பதிவு செய்கிறார். எளிதில் ஏமாறுகிறவர்கள் என்றும் எண்ணுகிறார். இதற்காகவே பிற்கால பைசாந்தியக் கலைக்களஞ்சியமான சூடா, அவரை நாய்கள் கிழித்துக் கொன்றதாக எழுதியது. கத்தோலிக்கத் திருச்சபையின் தடை நூற்பட்டியலிலும் பெரெக்ரினஸ் நூல் இடம்பெற்றது. அதே நூலில், தீயிலிருந்து ஒரு கழுகு எழுந்து பறந்ததாகத் தாமே ஒரு கதையைக் கட்டிவிட்டதையும், சற்று நேரத்தில் ஒரு முதியவர் அதைக் கண்ணால் கண்டதாகக் கூட்டத்தில் சாதித்ததையும் அவர் எழுதியிருப்பது, வதந்தி பிறக்கும் விதத்துக்கு அரிய சான்று.

கேள்வி: பிற்கால எழுத்தாளர்கள் அவரிடம் எதைப் பெற்றார்கள்? எந்த நூலில் தொடங்குவது?
– வாசகி, கோவை

பதில்: மறுமலர்ச்சிக் கால அறிஞர்களான எராஸ்மஸும் தாமஸ் மோரும் சேர்ந்து அவருடைய நூல்களை இலத்தீனில் பெயர்த்து 1506இல் பாரிசில் வெளியிட்டார்கள், மோரின் ‘உத்தோப்பியா’வில் அந்தத் தீவு மக்கள் லூசியனை விரும்பிப் படிக்கிறார்கள். மந்திரவாதியின் சீடன் உலக்கையை ஏவித் தண்ணீர் சுமக்கவைத்து, நிறுத்தத் தெரியாமல் தவிக்கும் கதை ‘பொய் விரும்பி’ என்ற உரையாடலில் இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கெத்தே 1797இல் அதைக் கவிதையாக்கினார். இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லியின் ‘அவதூறு’ ஓவியம், லூசியன் அவதூறைப் பற்றிய ஒரு கட்டுரையில் விவரித்த பழைய ஓவியத்தைப் பார்த்துத் தீட்டியது போலவே அமைந்தது.

முதலில் ‘கனவு’ படியுங்கள், சில பக்கங்களே. அடுத்து ‘இறந்தோர் உரையாடல்கள்’. பாதாளத்தில் ஹெலனின் மண்டையோட்டைக் கண்ட மெனிப்பஸ், இதற்காகவா ஆயிரம் கப்பல்கள் திரண்டன என்று ஹெர்மீஸிடம் கேட்கும் பகுதி அங்கே இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று உரக்கப் படித்தால் அதன் வேகம் புலப்படும். பிறகு அலெக்சாண்டர் நூலை ஒரே மூச்சில் படியுங்கள். ‘சிரியத் தேவி’ அவர் எழுதியதுதானா என்ற விவாதம் ஓயவில்லையாதலால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.